குரும்பகரத்து மீட்டரும் முப்பது ராக் ஆல்பங்களும்

காரைக்கால் பக்கத்துக் குரும்பகரத்தில் பெரியநாயகி வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். மீட்டரக்கா என்று கேட்டால் போதும். வீடு எது என்பதோடு, இந்நேரம் எந்தத் தெருவில் எந்த மீட்டர் பெட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பாள் என்பது வரை சொல்லிவிடுவார்கள்.

பிறந்தது போலகத்தில். கூலி வேலைக்குப் போன அப்பா, ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் படிக்கவேண்டும் என்று மகள் சொன்னபோது குறுக்கே நிற்கவில்லை. வகுப்பில் இருபத்தெட்டு பையன்கள், ஒரே ஒரு பெண். படிப்பு முடிந்து மின்துறையில் வேலை கிடைத்து, குரும்பகரம் தெட்சிணாமூர்த்தியைக் கட்டிக்கொண்டு, கவியா என்று ஒரு பெண்ணும் பெற்று, நாற்பத்தாறு வயது வரைக்கும் அவள் வாழ்க்கை ஸ்கூட்டியிலும் மீட்டர் பெட்டிகளின் முன்னாலும் ஓடிவிட்டது. தெட்சிணாமூர்த்திக்கு ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலம். மிகவும் நிதானமான மனிதர். வீட்டில் தீப்பிடித்தால்கூட வேட்டியை ஒழுங்காக மடித்துக் கட்டிக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

பெரியநாயகிக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம், நாய். அவள் வேலைக்கும் நாய்க்கும் அப்படி ஒரு பொருத்தம். எந்த வீட்டிலும் மீட்டர் பெட்டி நாயைத் தாண்டித்தான் இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கவியா புதுச்சேரிக்குப் படிக்கப் போனாள். போகும்போது அம்மா பழைய பாட்டுக் கேட்கட்டும் என்று பாட்டு ஆப்பில் இருந்த தன் கணக்கையே அம்மாவின் செல்போனிலும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த மாசம் கோட்டுச்சேரியில் தங்கப்பன் வீட்டுக்கு ரீடிங் எடுக்கப் போனாள் பெரியநாயகி. தங்கப்பன் வீட்டு நாய் கறுப்பு. கன்றுக்குட்டி உயரம். கட்டிப்போட்டிருக்கிறது என்று சத்தியம் பண்ணுவார்கள், கயிற்றின் மறுமுனை எதிலும் இருக்காது. கேட்டைத் திறந்ததும் அது எழுந்து நின்றது. காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தலாம் என்று பதற்றத்தில் செல்போனை எங்கேயோ அழுத்தினாள். பழைய பாட்டு போய், கவியா சேர்த்துவைத்திருந்த பட்டியலில் ஒன்று ஆரம்பித்தது.

கிட்டார் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு அது ஒரு சத்தம், அவ்வளவுதான். காதுக்குள் நுழைந்து முதுகுத்தண்டில் இறங்கி உள்ளங்கால் வழியாகத் தரையில் போன சத்தம். பெரியநாயகி வாயைப் பிளந்துகொண்டு நேராக நடந்தாள். எதிரில் நாய் நிற்பதே மறந்துபோயிற்று. இப்படி ஒரு மனுஷியை அந்த நாய் அதுவரை பார்த்ததில்லை. குரைக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டது. அன்றைக்கு எடுத்த ரீடிங் அத்தனையும் தப்பு. மறுநாள் போய் மறுபடி எடுத்துக்கொண்டு வந்தாள்.

பாட்டைக் கேட்ட அன்று சாயங்காலமே மகளைக் கூப்பிட்டாள்.

“கவியா, உன் லிஸ்ட்டுல ஒண்ணு ஓடுச்சே, என்னடி அது? வெல்டிங் பட்டறைக்குள்ள பூதம் பூந்த மாதிரி?”

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமானது. “அம்மா, அது ராக்கும்மா!”

“ராக்கோ கீக்கோ. இன்னும் இருக்கா?”

இருந்தது. கடல்போல இருந்தது. கவியாவுக்கே அது இரண்டு வாரத்து மோகம்தான், பிறகு கொரியாக்காரப் பையன்கள் பக்கம் போய்விட்டாள். அம்மா போகவில்லை. முதலில் ஒவ்வொரு பாட்டாகக் கேட்டாள். ஆல்பம் என்றால் பத்துப் பன்னிரண்டு பாட்டு, அவர்கள் அடுக்கிய வரிசையிலேயே கேட்கவேண்டும் என்று கவியா சொன்னபோது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பாருக்கு முன்னால் மோர் ஊற்றுவார்களா? அதன்பிறகு ஒரு பாட்டைக்கூடத் தாண்டியதில்லை. காலையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினால் ஒரு ஆல்பம். டீ குடித்துவிட்டு அடுத்த தெருவுக்கு இன்னொன்று. முப்பது வருஷத்துக்குள் வந்த ராக் ஆல்பங்களில் நானூறைத் தாண்டிவிட்டாள்.

வரிகள் புரியவில்லையே என்று இணையத்தில் தேடி, அகராதி வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பொருள் பார்த்தாள். பாதிக்கு மேல் யாரோ யாரையோ விட்டுவிட்டுப் போன கதைதான். “இதுக்கா இவன் இம்மாங் கத்துக் கத்துனான்?” என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு மறுபடி கேட்டால் அவளுக்கும் கத்தவேண்டும்போல் இருந்தது. இது என்ன வித்தையோ என்று தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வீட்டு கேட்டைத் திறப்பாள்.

தெட்சிணாமூர்த்திக்கு இது எதுவும் தெரியாது. மனைவி காதில் மாட்டிக்கொண்டு ஏதோ சாமி பாட்டுக் கேட்கிறாள் என்றே நினைத்திருந்தார். சில சமயம் கண்ணை மூடித் தலையை ஆட்டுவதைப் பார்த்து, பக்தி முற்றிவிட்டது என்று சந்தோஷமும் பட்டிருந்தார்.

கவியாதான் அம்மாவை ‘சத்தம்’ என்ற குழுவில் சேர்த்துவிட்டாள். சென்னை, கோவை, சிங்கப்பூர், பாரிஸ் என்று எங்கெங்கோ இருக்கிற ராக் பைத்தியங்கள் முந்நூறு பேர் தமிழில் அடித்துக்கொள்கிற இடம். பெயர் என்ன போடலாம் என்று மகள் கேட்டதற்கு, “ஊருல கூப்பிடுறதையே போடு” என்றாள். ‘மீட்டர்’ என்று போட்டாயிற்று.

இரண்டு மாசம் வாயைத் திறக்காமல் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் யாரோ ஒரு ஆல்பத்தைப் பற்றி, ‘பேஸ் கிட்டார் காதிலேயே விழவில்லை’ என்று எழுதியிருந்தார்கள். பெரியநாயகிக்குப் பொறுக்கவில்லை. மதியச் சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடிவைத்துவிட்டு எழுதினாள்: ‘டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? ம்ம்ம் என்று ஒன்று காலில் ஏறும். காதால் கேட்கமாட்டீர்கள். அது இருந்தால்தான் ஊரில் வெளிச்சம். அந்த ஆல்பத்தில் பேஸ் அப்படித்தான் இருக்கிறது. காதைக் கழற்றிவைத்துவிட்டுக் காலால் கேளுங்கள்.’

குழு குதித்தது. ‘மீட்டர் சார், என்ன சார் இப்படி எழுதிட்டீங்க!’ என்று நாற்பது பேர். யாரோ அவரை ஓய்வுபெற்ற சவுண்ட் இன்ஜினீயர் என்றார்கள். இல்லை, பெரிய ஸ்டூடியோவில் இருந்தவர், பெயர் சொல்லமாட்டார் என்றார் இன்னொருவர். சார் இல்லை என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டாள். போகப்போக வெட்கம் போய், ருசி வந்துவிட்டது. அலுவலகத்தில் தான் சார் என்று கூப்பிடுகிற அத்தனை பேரையும் நினைத்துக்கொண்டு, ‘மீட்டர் சார்’ என்று வருகிற ஒவ்வொரு செய்தியையும் இரண்டு தரம் படிப்பாள்.

அந்தக் குழுவில் அவளுக்கு ஒரு எதிரி இருந்தான். மாறன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, குழுவை நடத்துபவனும் அவன்தான். அவள் நல்லது என்று சொன்னால் அவன் சுமார் என்பான். அவன் மேதை என்று சொன்னால் அவள் ‘தம்பி, ரெண்டாவது பாட்டிலேயே அவர்களுக்கு மூச்சு வாங்கிவிட்டது’ என்று எழுதுவாள். நடுவில் நின்று விலக்கிவிடுபவர் சேக் அலாவுதீன். காரைக்கால்காரர், பாரிஸில் இருபது வருஷமாக இருக்கிறார், வீடு நிறைய இசைத்தட்டு வைத்திருப்பவர்.

இந்த வருஷம் மாறன் ஒரு தேர்தல் வைத்தான். கடந்த முப்பது வருஷத்தின் மிகச் சிறந்த முப்பது ராக் ஆல்பங்கள். ஆளுக்கொரு ஓட்டு ஒவ்வோர் இடத்துக்கும். முப்பதாவது இடத்தில் ஆரம்பித்து மேலே வரவேண்டும். ஆறு வாரம் நடந்தது. அந்த ஆறு வாரமும் பெரியநாயகி தரையில் நடக்கவில்லை. குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது, சில நாள் விழவேயில்லை. பதினேழாவது இடத்துக்கு நடந்த சண்டையில் மூன்று பேர் குழுவை விட்டே போய், மறுநாள் திரும்பி வந்தார்கள். கடைசியில் முதல் இடத்துக்கு இரண்டு ஆல்பங்கள் நின்றன.

ஒன்று அமெரிக்காவின் ‘டின் கதீட்ரல்’ குழு போட்ட ‘நோ கிரவுண்ட்’. முப்பத்தெட்டு நிமிஷம், ஒரு நிமிஷம்கூட மூச்சுவிட இடம் தராத கோபம். மாறனின் உயிர். இன்னொன்று அயர்லாந்தின் ‘பேப்பர் டிராக்டர்’ போட்ட ‘லாங் வாட்டர்’. அதன் கடைசிப் பாட்டு பதினோரு நிமிஷம். ஒற்றைத் தந்தியில் ஆரம்பித்து ஏறி ஏறிப் போய், ஏழாவது நிமிஷத்தில் சட்டென்று எல்லாம் நின்றுவிடும். நாலு தட்டு எண்ணுகிற நேரம் முழு மௌனம். அப்புறம் டிரம்மும் மூன்று கிட்டாரும் ஒன்றாக வந்து விழும். முதல் தரம் அதைத் திருவேட்டக்குடியில் கேட்டாள் பெரியநாயகி. கடற்கரை ஓரம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மீன் கூடையோடு போன பெண்கள், “மீட்டரக்கா, வெயிலு தாக்கிடுச்சா?” என்று தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஓட்டு எண்ணினால் 112க்கு 112. சமம்.

மறுபடி வைத்தார்கள். மறுபடி அதே 112, அதே 112. ஒருத்தரும் அசையவில்லை. அப்போதுதான் அலாவுதீன் எழுதினார்: ‘நான் லீவில் காரைக்கால் வந்திருக்கிறேன். மீட்டர் சாரும் குரும்பகரம் என்றுதானே ஒருமுறை சொன்னார். மாறன், நீ கிளம்பி வா. இசைத்தட்டு, பிளேயர், ஸ்பீக்கர் எல்லாம் இங்கேயும் என் வீட்டில் இருக்கிறது. சார் வீட்டில் இரண்டையும் போடுவோம். இதுவரை ராக்கே கேட்டிராத ஒரு ஆளை உட்காரவைப்போம். அவர் சொல்வதுதான் கடைசி ஓட்டு.’

‘ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்’ என்று மாறன் பதில் போட்டுவிட்டான். முந்நூறு பேரும் கைதட்டினார்கள். மீட்டர் சார் ‘வாங்க’ என்று ஒற்றைச் சொல் எழுதினார்.

தெட்சிணாமூர்த்தி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

“என்னங்க, ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரு நம்ம வீட்டுக்கு வர்றாங்க.”

“யாரு?”

“ஒருத்தரு சமாதானம் பண்ணி வைக்கிறவரு. இன்னொருத்தன் என்கூட சண்டை போடுறவன்.”

இட்லி பாதி வழியில் நின்றது. “என்ன சண்டை?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாய், கிட்டார், நானூறு ஆல்பம், சார் பட்டம், 112க்கு 112. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் நிதானமாகக் கையைக் கழுவிவிட்டு வந்து, “அப்ப மூணு வருஷமா நீ அம்மன் பாட்டு கேக்கலையா?” என்றார்.

“இல்லீங்க.”

“நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே புள்ள!”

பெரியநாயகிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். பிறகு கேட்டார்: “அந்த ராக்கே கேக்காத ஆளு யாரு?”

அவரையே பார்த்தாள்.

“அய்யய்யோ” என்றார் தெட்சிணாமூர்த்தி.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கவியாவும் புதுச்சேரியிலிருந்து வந்துவிட்டாள். மீன் வாங்கப் போன பெரியநாயகி ஸ்கூட்டியில் திரும்பிக்கொண்டிருந்தபோது தெரு முனையில் ஒரு கார் நின்றது. முகமெல்லாம் தாடியாக ஒருவன் தலையை நீட்டி, “அக்கா, இங்க மீட்டர் சார் வீடு எதுக்கா?” என்றான்.

தாடியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. குழுவில் அவன் படம் அதுதான். பெரியநாயகி ஹெல்மெட்டைக் கழற்றினாள். பையிலிருந்து வஞ்சிரத்தின் வால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மாறனா?”

“ஆமாக்கா. உங்களுக்கு எப்படி...”

“பதினேழாவது எடத்துக்கு என்னா ஆட்டம் ஆடுனீங்க தம்பி. ‘மீட்டர் சாருக்குக் காது டாக்டரைப் பார்க்கணும்’னு எழுதினீங்கள்ல?”

மாறன் வாய் திறந்தது, மூடவில்லை. பின்சீட்டிலிருந்து அலாவுதீன் பாய் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். “யா அல்லாஹ், நீங்களா? டிரான்ஸ்பார்மர் எழுதினது நீங்களா?”

“நான்தான் பாய். வாங்க, கொழம்பு வைக்கணும்.”

மாறன் காரை விட்டு இறங்கி நடுத்தெருவில் சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரித்ததைப் பார்த்து அலாவுதீன் பாய் சிரித்தார். என்ன ஏது என்று தெரியாமல் எதிர்வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். வீடு வந்து சேர்கிறவரை மாறன் ‘சார்... அக்கா... சாரி சார்’ என்று உளறிக்கொண்டே வந்தான்.

காரிலிருந்து இறக்கிய ஸ்பீக்கர்கள் இரண்டு கூடத்தில் இடுப்புயரத்துக்கு நின்றன. தெட்சிணாமூர்த்தி குளித்துத் திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டி, பஞ்சாயத்துத் தலைவர்போல நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பூவா தலையா போட்டதில் ‘நோ கிரவுண்ட்’ முதலில் வந்தது. முதல் அடியிலேயே அலமாரியில் இருந்த டம்ளர்கள் நடுங்கின. தெட்சிணாமூர்த்தி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தெட்டு நிமிஷமும் அந்தக் கையை விடவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சாப்பிட்டார்கள். பிறகு ‘லாங் வாட்டர்’. பெரியநாயகி ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டுக்குப் பாட்டு அந்த முகம் அமைதியாகவே இருந்தது. கடைசிப் பாட்டு ஆரம்பித்தது. ஒற்றைத் தந்தி. ஏறியது. இன்னும் ஏறியது. கவியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழாவது நிமிஷம். எல்லாம் நின்றது.

மௌனம். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

ஒன்றும் வரவில்லை.

ஐந்து என்று ஒன்று இல்லையே என்று பெரியநாயகிக்குத் திக்கென்றது. மேலே பார்த்தாள். மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. எங்கேயோ கம்பியில் தென்னைமட்டை விழுந்திருக்கிறது, சரியாக அந்த மௌனத்துக்குள்ளேயே கரண்ட் போயிருக்கிறது. எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். கரண்ட் ஆபீஸில் வேலை பார்ப்பது அவள்தானே.

“நான் ஒண்ணும் பண்ணலை!” என்று கத்தினாள்.

அடுத்த நொடி ‘டம்’ என்று ஒரு சத்தம். மாறன். தன் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, ஆல்பத்தில் டிரம் வந்து விழவேண்டிய அந்த அடியை இரண்டு கையாலும் அடித்துவிட்டான். அந்தப் பாட்டை அங்கே நிறுத்த அவனால் முடியவில்லை. அலாவுதீன் பாய் கழுத்து நரம்பு புடைக்க முதல் கிட்டாரை வாயால் பிடித்தார். கவியா இரண்டாவது. பெரியநாயகி கண்ணை மூடிக்கொண்டு, ஈராயிரம் வீட்டு வாசலில் கேட்டு மனப்பாடமான அந்த பேஸை அடிவயிற்றிலிருந்து ‘ம்ம்ம்’ என்று இழுத்தாள். நாலு நிமிஷம். ஒரு அடி தப்பவில்லை. தாடி வழியாக வியர்வை சொட்ட மாறன் நாற்காலியை வெளுத்துக்கொண்டிருந்தான். ஜன்னலில் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. முடிந்தபோது எல்லோரும் தரையில் கிடந்தார்கள், மூச்சு வாங்கியது, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

தெட்சிணாமூர்த்தி தொண்டையைக் கனைத்தார்.

“சொல்லட்டுங்களா?”

“சொல்லுங்க மச்சான்” என்றார் அலாவுதீன் பாய். அதற்குள் உறவு முறை வந்துவிட்டது.

“மொதல்ல போட்டதுதான்.”

பெரியநாயகி எழுந்து உட்கார்ந்தாள். “என்னங்க சொல்றீங்க?”

“ரெண்டாவதுல அந்த ஆளு ரொம்ப அழுவுறான் புள்ள. மொத ஆளு கோவப்படுறான். தண்ணி வராத வருசத்துல கடைமடையில நிக்கிறவனுக்கு அந்தக் கோவம் தெரியும். எனக்கு அதான் புடிச்சுது.”

அவளுக்கு ஒரு நொடி நெஞ்சில் எரிந்தது. இருபத்திரண்டு வருஷம் அவள் கையால் சோறு தின்ற மனுஷன்! அடுத்த நொடி அவர் சொன்ன காரணத்தில் ஒரு ஓட்டையும் இல்லை என்று தெரிந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. 113க்கு 112. மாறன் துள்ளிக் குதிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் கவிழ்ந்த நாற்காலியின் மேல் தலையை வைத்துக்கொண்டு கிடந்தான்.

“அக்கா” என்றான். “நான் என் ஓட்டை மாத்துறேன்.”

“என்னது?”

“அந்த நாலு தட்டு இருக்குல்ல. ஆயிரம் தடவை கேட்டிருக்கேன். உள்ள இருந்து அடிச்சுப் பாத்தது இன்னைக்குத்தான். ‘லாங் வாட்டர்’தான்க்கா. இத்தனை நாளா உங்ககூடத் தப்பா சண்டை போட்டுட்டேன்.”

அலாவுதீன் பாய் விரல் விட்டு எண்ணினார். மச்சான் ஓட்டு அந்தப் பக்கம் போயிற்று, மாறன் ஓட்டு அங்கிருந்து இந்தப் பக்கம் வந்தது. 113க்கு 112. ‘லாங் வாட்டர்’ முதல் இடம். கவியா போட்ட கூச்சலில் கொல்லையில் மேய்ந்த கோழிகள் பறந்தன. பெரியநாயகி மாறனின் தாடியைப் பிடித்து ஆட்டினாள். புருஷனைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். நாற்பத்தாறு வயதில், தெருவே பார்க்க, கூடத்தைச் சுற்றி மூன்று சுற்று ஓடினாள்.

முப்பது ஆல்பங்களைப் பற்றியும் ஆளுக்கொன்றாக எழுதி வெளியிடுவது என்று முடிவாயிற்று. முதல் இடத்தை எழுதியது பெரியநாயகி. நாலு நாள் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினாள், கீழே முழுப் பெயர் போட்டுக்கொண்டாள். இரண்டாவது இடத்தை எழுத மாறன் மறுத்துவிட்டான், அது மச்சானின் ஆல்பம், அவர்தான் எழுதவேண்டும் என்றான். தெட்சிணாமூர்த்தி ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்து, வாயால் சொன்னார், மனைவி தட்டச்சு செய்தாள்:

‘கோவமான பாட்டு. கோவத்துல ஞாயம் இருக்கு.’

“இம்புட்டுதானா?” என்றாள்.

“வேற என்ன இருக்கு அதுல?”

ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே போட்டார்கள். மறுநாள் காலை தெட்சிணாமூர்த்தி செல்போனைக் கண்ணுக்கு நேரே தூரமாகப் பிடித்துக்கொண்டு, தன் இரண்டு வாக்கியத்துக்குக் கீழே விழுந்திருந்த சிவப்பு இதயங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நூற்று நாற்பத்தொன்று. மூன்று பக்கத்துக்கு எத்தனை என்று கேட்டார். பெரியநாயகி தோசைக் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் ஓடினார்.